ஸ்பேக்னம் பாசியின் ஐசோடோப்புகளில் பழங்காலச் சூழலைப் படிப்பது: ஒரு முழுமையான வழிகாட்டி

வெயில் ஏறினால் மரம் தன் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேறாமல் தப்பும். அதற்கு ஈடாகக் கார்பன் டை ஆக்சைடு வரத்து குறையும். ஸ்பேக்னம் பாசிக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது. அதற்கு இலைத்துளை இல்லை, வேர் இல்லை, தண்ணீரை மேலேற்றும் குழாய்த் திசுவும் இல்லை. இலை ஒரே ஒரு செல் தடிமன். மழை பெய்தால் ஊறும், நின்றால் காயும். பழங்காலச் சூழலை ஆராய்பவர்கள் இந்தச் செடியைத் தேடிப் போவதற்கு இந்தக் கையாலாகாத்தனம்தான் முக்கியக் காரணம். மரவளையத்தில் பருவநிலையோடு மரத்தின் எதிர்வினையும் சேர்ந்தே பதிவாகும்; பாசியில் அந்தக் கலப்பு மிகக் குறைவு.

'பாசி' என்றதும் நீரில் மிதக்கும் பச்சைப் படலம் நினைவுக்கு வரலாம். அது வேறு இனம். நாம் பேசுவது தண்டும் கிளையும் இலையும் உள்ள, மெத்தை போலப் படரும் நிலப்பாசியைப் பற்றி. குளிரும் ஈரமும் மிகுந்த சதுப்புகளில் ஸ்பேக்னம் நுனியில் வளர்ந்துகொண்டே போகும். அடிப்பகுதி இறந்து, அமிலம் மிகுந்த, ஆக்சிஜன் அற்ற நீருக்குள் புதையும். அங்கே மட்குவது மிக மெதுவாகவே நடப்பதால், பாதி மட்கிய செடிகள் அடுக்கடுக்காகக் குவிகின்றன. அந்தக் குவியல்தான் பீட். உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதத்தில் மட்டுமே பீட் நிலங்கள் இருந்தாலும், மண்ணில் உள்ள கார்பனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அவற்றில் அடங்கியிருக்கிறது. மேலடுக்கு இன்று, அடியடுக்கு பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன். இந்த அடுக்குகளில் எஞ்சியிருக்கும் பாசித் துணுக்குகளில் கார்பன், ஆக்சிஜன் ஆகியவற்றின் ஐசோடோப்புகளை, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை, அளப்பதுதான் முறை.

கருவியில் அளப்பது இந்த வேலையில் எளிய பகுதி. முடிவு தேறுமா தேறாதா என்பது பெரும்பாலும் அதற்கு முன்பே, சதுப்பில் எங்கே துளைக்கிறோம், நுண்ணோக்கிக்குக் கீழே எதைப் பொறுக்குகிறோம் என்பதில் முடிவாகிவிடும். அதனால் இந்தக் கட்டுரையும் அந்த இடங்களில்தான் அதிக நேரம் நிற்கும்.

அளவையின் மொழி

இயற்கையில் கார்பனில் சுமார் 1.1 சதவீதம் கார்பன்-13. மீதி கிட்டத்தட்ட முழுவதும் கார்பன்-12. ஆக்சிஜனில் சுமார் 0.2 சதவீதம் ஆக்சிஜன்-18. இவை கதிரியக்கமற்றவை, காலப்போக்கில் சிதையாதவை. அதனால்தான் நிலையான ஐசோடோப்புகள் என்று பெயர். கனமான அணுவுக்கும் இலேசான அணுவுக்கும் உள்ள விகிதம் மிக நுட்பமாகவே மாறும் என்பதால் அதை நேரடியாக எழுதுவதில்லை. மாதிரியின் விகிதத்தை ஒரு தரப்பொருளின் விகிதத்தால் வகுத்து, 1ஐக் கழித்து, 1000ஆல் பெருக்குகிறோம். வருவது டெல்டா மதிப்பு. அலகு பெர்மில், அதாவது ஆயிரத்தில் ஒன்று. கார்பனுக்குத் தரப்பொருள் வியன்னா பிடிபி. அதன் மூதாதை அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில் பீ டீ பாறையடுக்கில் கிடைத்த ஒரு பெலம்னைட் (கணவாய் போன்ற, அழிந்துபோன கடலுயிர்) புதைபடிவம். ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் கடல்நீரை அடிப்படையாகக் கொண்ட வியன்னா தரநீர்.

டெல்டா மதிப்பு ஏறியது என்றால் கனமான அணு கூடியது, இறங்கியது என்றால் குறைந்தது. செடிகளின் கார்பன் மதிப்புகள் எதிர்மறையாக இருப்பதால் மைனஸ் 26 என்பது மைனஸ் 29ஐ விட உயர்ந்தது. புதிதாக வருபவர்கள் வரைபடத்தைத் தலைகீழாகப் படிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கார்பன் சொல்வது என்ன

ஒளிச்சேர்க்கையில் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்ற நொதி இலேசான கார்பனையே விரும்பும். தாராளமாகக் கிடைக்கும்போது கார்பன்-13ஐ 27 முதல் 29 பெர்மில் வரை ஒதுக்கும். வரத்து குறைந்தால் தேர்ந்தெடுக்க வழியில்லாமல் கிடைத்ததையெல்லாம் எடுத்துக்கொள்ளும். செடியின் டெல்டா மதிப்பு உயரும்.

ஸ்பேக்னத்தில் அந்த வரத்தைக் கட்டுப்படுத்துவது இலையின் மேல் படிந்திருக்கும் நீர்ப்படலம். கார்பன் டை ஆக்சைடு காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் நீரில் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. எனவே சதுப்பு ஈரமாக இருந்தால் படலம் தடிக்கும், வரத்து குறையும், டெல்டா கார்பன்-13 உயரும். உலர்ந்தால் படலம் மெலியும், மதிப்பு இறங்கும். ஒரே சதுப்பில் நீர் தேங்கும் பள்ளத்தில் வளரும் பாசிக்கும் மேட்டில் வளரும் பாசிக்கும் சில பெர்மில் வேறுபாடு இருப்பதை இன்றைய செடிகளிலேயே காணலாம்.

இவ்வளவோடு நின்றிருந்தால் இது ஈரமானியாகவே ஆகியிருக்கும். குறுக்கே மீத்தேன் வருகிறது. நீரில் மூழ்கிய ஸ்பேக்னத்தின் வெற்றுச் செல்களுக்குள் மீத்தேனை உண்ணும் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவை மீத்தேனைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்ற, பாசி அதை அங்கேயே எடுத்துக்கொள்கிறது. நெதர்லாந்து ஆய்வுக்குழு ஒன்று 2005இல் இதைக் காட்டியபோது, அப்படிப்பட்ட பாசியின் கார்பனில் 10 முதல் 15 சதவீதம் மீத்தேனிலிருந்து வரக்கூடும் என்று கணக்கிட்டது. சதுப்பு மீத்தேனின் டெல்டா கார்பன்-13 மைனஸ் 60ஐ ஒட்டியோ அதற்கும் கீழேயோ இருக்கும். அதாவது ஈரம் கூடும்போது நீர்ப்படலம் மதிப்பை மேலே தள்ள, மீத்தேன் கீழே இழுக்கிறது. ஒரே காரணத்துக்கு எதிரெதிரான இரண்டு விளைவுகள். பள்ளத்துப் பாசியிலிருந்து எடுத்த கார்பன் வரிசையை 'ஈரப் பதிவு' என்று யாராவது நேராகப் படித்தால் எனக்குச் சந்தேகம் வருவது இதனால்தான்.

சில ஆய்வுகள் கார்பன் மதிப்பை வெப்பநிலையோடும் தொடர்புபடுத்தியிருக்கின்றன. மலைச்சரிவில் மேலேற மேலேற மதிப்பு மாறுவது உண்மைதான். ஆனால் உயரத்தோடு மழையும் ஈரமும் காற்றழுத்தமும் சேர்ந்தே மாறுகின்றன. வெப்பமானியாக இதை நம்ப நான் தயாரில்லை.

ஆக்சிஜன் சொல்வது என்ன

பாசி தன் செல்சுவரின் முக்கியப் பொருளான செல்லுலோஸைக் கட்டும்போது சேர்க்கும் ஆக்சிஜன், அப்போது அதைச் சுற்றியிருந்த நீரின் முத்திரையைத் தாங்கும். உயிர்வேதி வழியில் செல்லுலோஸ் அந்த நீரைவிடச் சுமார் 27 பெர்மில் கனக்கும். ஆகவே செல்லுலோஸின் டெல்டா ஆக்சிஜன்-18 மதிப்பு 20 என்றால், பாசி குடித்த நீர் ஏறத்தாழ மைனஸ் 7. மழையை மட்டுமே நம்பும் சதுப்பில் அந்த நீர் மழைநீர்.

மழைநீரின் மதிப்பை எது தீர்மானிக்கிறது? நடு, உயர் அட்சரேகைகளில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 1 டிகிரி உயர்ந்தால் டெல்டா ஆக்சிஜன்-18 சுமார் 0.7 பெர்மில் உயர்கிறது என்று டென்மார்க்கின் வில்லி டான்ஸ்கார்ட் 1964இல் காட்டினார். அது இடத்துக்கு இடம் ஒப்பிட்டுக் கிடைத்த தொடர்பு. ஒரே இடத்தில் காலப்போக்கில் நிகழும் மாற்றத்துக்கு அதே எண்ணை அப்படியே ஒட்டக்கூடாது. ஈரக்காற்று எந்தக் கடலிலிருந்து வந்தது, வழியில் எவ்வளவு பெய்து தீர்த்தது, மழை கோடையிலா குளிர்காலத்திலா என்பதெல்லாம் அதில் கலந்திருக்கும். அதன் மேல் ஆவியாதல்: இலேசான நீர் முதலில் ஆவியாவதால் பாசியின் தலைப்பகுதியில் மிஞ்சும் நீர் கனக்கும். காற்றோட்டமான, ஈரப்பதம் குறைந்த சதுப்பில் இந்த விளைவு பெரிது.

ஆவியாதலைப் பிரித்தெடுக்க ஒரு அழகான உத்தி இருக்கிறது. ஸ்பேக்னத்தின் மெழுகில் 23 கார்பன் கொண்ட ஆல்கேன் (கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட சங்கிலி மூலக்கூறு) மிகுதி. வேருள்ள செடிகளின் மெழுகில் 29, 31 கார்பன் கொண்டவை மிகுதி. பாசி மேற்பரப்பின் ஆவியாகும் நீரைக் குடிக்கிறது, வேருள்ள செடி கீழேயிருந்து ஆவியாகாத நீரை எடுக்கிறது. ஒரே அடுக்கிலிருந்து இரண்டின் ஹைட்ரஜன் ஐசோடோப்பையும் அளந்தால், வேறுபாடு ஆவியாதலின் அளவைச் சொல்லும். வசதி இருந்தால் செய்யுங்கள். ஆய்வேட்டில் அந்த ஒரு பகுதி மற்ற அனைத்துக்கும் பலம் சேர்க்கும்.

முதல் படி: கேள்வியை முடிவு செய்யுங்கள்

ஈரத்தின் வரலாறு வேண்டுமா, மழையின் பிறப்பிடம் மாறிய வரலாறு வேண்டுமா, கடந்த இருநூறு ஆண்டுகளா, பத்தாயிரம் ஆண்டுகளா? ஈரத்துக்குக் கார்பனும், மழையின் பிறப்பிடத்துக்கு ஆக்சிஜனும் அடிப்படை. நீண்ட வரலாறு என்றால் ஆழமான சதுப்பு. அண்மைக் காலம் என்றால் மேல் ஒரு மீட்டரை நுணுக்கமாக நறுக்க வேண்டும். நைட்ரஜன்-15ஐயும் சேர்த்து அளக்கலாமே என்ற ஆசை வரும். காற்றிலிருந்து படியும் மாசை இன்றைய பாசியில் கண்டறிய அது உதவும். ஆழத்தில் மட்குதல் அதைக் குழப்பிவிடும்.

இரண்டாம் படி: சதுப்பையும் இடத்தையும் தேர்ந்தெடுப்பது

நிலத்தடி நீரும் ஓடைநீரும் எட்டாத, நடுவில் குவிந்து உயர்ந்த சதுப்பே வேண்டும். அங்கே வரும் நீர் முழுவதும் வானத்திலிருந்து வருவது. இத்தகைய சதுப்புகளும் பெரும்பாலும் தொடக்கத்தில் நிலத்தடி நீர் பாயும் சதுப்பாகவோ ஏரியாகவோ இருந்தவைதான். ஆகவே அடியில் உள்ள அடுக்குகள் வேறு கதை. எங்கே மாறியது என்பதைத் தாது சாம்பல் அளவு காட்டும்: பீட்டை எரித்தால் மிஞ்சும் சாம்பல் மேலே மிகக் குறைவு, கீழே கூடுதல். அந்தக் கோட்டுக்குக் கீழே மழைநீர் விளக்கம் செல்லாது. வடிகால் வெட்டிய, பீட் தோண்டிய, தீப்பட்ட சதுப்புகளைத் தவிர்த்துவிடுங்கள். பெரும்பாலான நல்ல சதுப்புகள் பாதுகாக்கப்பட்டவை. அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகலாம், முதலில் அதைத் தொடங்குங்கள்.

சதுப்பின் மேற்பரப்பு சமமாக இராது. மேடு, பள்ளம், இரண்டுக்கும் இடைப்பட்ட சமதளம் என்று சில மீட்டருக்குள் மாறும். மேட்டின் உச்சி காலநிலை மாற்றத்தைத் தாங்கிக்கொள்ளும், பதிவு மந்தமாக இருக்கும். பள்ளத்தில் மீத்தேன் தொல்லை. சமதளமோ தாழ்ந்த மேடோ என் தேர்வு. நீர்மட்டம் சற்றே ஏறி இறங்கினாலும் அங்கே பாசி உடனே உணரும்.

துளைப்பதற்கு முன் ஒரு ஆண்டு கிடைத்தால், உயிருள்ள பாசியை அளவிடுங்கள். மேடு, சமதளம், பள்ளம் மூன்றிலும் நீர்மட்டத்தைக் குறித்து, மாதம் ஒருமுறை பாசித் தலைகளையும் அவற்றைப் பிழிந்த நீரையும் மழைநீரையும் சேகரியுங்கள். நீரை மூடி இறுகிய, காற்றிடம் இல்லாத குப்பியில் நிரப்ப வேண்டும். பாதி நிரம்பிய குப்பியில் ஆவியாதல் தொடரும். உலக அளவிலான மழைநீர் ஐசோடோப்பு வலையமைப்பு ஒன்றைச் சர்வதேச அணுசக்தி முகமையும் உலக வானிலை அமைப்பும் 1960களின் தொடக்கத்திலிருந்து நடத்துகின்றன; அருகில் அதன் நிலையம் இருந்தால் ஒப்பிட அது உதவும். இந்த ஓராண்டைப் பலர் நேரமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். பிறகு ஆயிரம் ஆண்டு வரைபடம் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒரு பெர்மில் மாற்றம் என்பது எத்தனை சென்டிமீட்டர் நீர்மட்டம் என்று சொல்ல முடியாமல் நிற்கிறார்கள்.

மூன்றாம் படி: பீட் தூணை எடுப்பது

மேல் அரை மீட்டர் மென்மையானது, பஞ்சு போல அமுங்கும். அதைக் கூரிய கத்தியால் நான்கு பக்கமும் அறுத்து, கட்டியாக வெளியே எடுப்பது நல்லது. கீழ்ப்பகுதிக்கு ரஷ்யத் துளைப்பான்: அரைவட்டக் கூடு, பக்கவாட்டில் சுழன்று பீட்டை வெட்டி மூடிக்கொள்ளும், ஒரு முறைக்குப் பொதுவாக 50 சென்டிமீட்டர் நீளத் துண்டு. அதன் முனை அடுத்த 50 சென்டிமீட்டரின் மேற்பகுதியைக் கலைத்துவிடும் என்பதால், ஒரு துளையோடு நிறுத்தாமல் அரை மீட்டர் தள்ளி இரண்டாம் துளையிட்டு, துண்டுகள் 10 சென்டிமீட்டராவது ஒன்றன்மேல் ஒன்று வரும்படி மாறி மாறி எடுங்கள். மேல் எது கீழ் எது என்பதைத் துண்டிலேயே எழுதுங்கள். களத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும் என்று தோன்றும். ஆய்வகத்தில் யாருக்கும் இராது.

பிளாஸ்டிக் படலத்தில் இறுகச் சுற்றி, 4 டிகிரியில், இருட்டில் வைக்க வேண்டும். தூணின் ஒரு பாதியைத் தொடாமல் ஒதுக்கிவிடுங்கள்.

நான்காம் படி: நறுக்குவது

குவிந்த சதுப்பில் பீட் ஆண்டுக்கு அரை மில்லிமீட்டரிலிருந்து 1 மில்லிமீட்டர் வரை சேர்வது வழக்கம். 1 சென்டிமீட்டர் துண்டு என்றால் 10 முதல் 20 ஆண்டுகளின் சராசரி. மேல் பகுதி அமுங்காமல் நறுக்க, சற்று உறையவைத்து மெல்லிய வாள்கொண்டு அறுக்கலாம். அறுக்கும்போது விளிம்பை ஒதுக்குங்கள். துளைப்பான் பக்கச்சுவரோடு மற்ற ஆழத்துப் பீட்டை இழுத்துவந்திருக்கும்.

ஐந்தாம் படி: பொறுக்குவது

சலிப்பூட்டும் வேலை இதுதான். ஆனால் எல்லாம் இதில்தான் இருக்கிறது. துண்டை, காய்ச்சி வடித்த நீரில் மெல்லக் கலைத்து, சல்லடையில் அலசி, நுண்ணோக்கியின் கீழ் இடுக்கியால் ஸ்பேக்னத்தை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். குறுஞ்செடிகளின் நுண்வேர்கள், பருத்திப் புல்லின் நார், பூஞ்சை இழைகள், மற்றப் பாசிகள் எல்லாம் விலக வேண்டும். அந்த வேர்கள் பிற்காலத்தில் மேலிருந்து இறங்கியவை. கார்பன்-14ஐக் கொண்டு வயதறியும் கரிமக் காலக்கணிப்பையும் அவை இளமையாக்கிவிடும்.

அடுத்த கேள்வி: எந்தப் பாகம்? ஒரே செடியின் தண்டுக்கும் கிளைக்கும் இடையே கார்பன் மதிப்பு 1 பெர்மிலுக்கும் மேல் வேறுபடும். நீங்கள் தேடும் காலநிலை மாற்றமே சில வேளைகளில் அவ்வளவுதான் இருக்கும். ஒரு துண்டில் தண்டும் அடுத்ததில் இலையும் அளந்தால், வரைபடத்தில் ஏறியிறங்குவது காலநிலை அல்ல, உங்கள் இடுக்கி. தண்டு மட்டும் அல்லது இலை மட்டும் என்று முடிவு செய்து கடைசித் துண்டு வரை அதிலேயே நில்லுங்கள். நான் தண்டைத்தான் பரிந்துரைப்பேன். கண்ணுக்குத் தெரியும், எடுக்க எளிது, வேறு எதனோடும் குழம்பாது. ஆனால் தண்டிலிருந்து எந்த இனம் என்று அடையாளம் காண்பது கடினம், அதற்குக் கிளை இலைகளைக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இனமும் முக்கியம். ஸ்பேக்னம் ஃபஸ்கம் மேடு கட்டும், ஸ்பேக்னம் கஸ்பிடேட்டம் நீரில் மிதக்கும். ஒரு ஆழத்தில் முன்னதும் அடுத்ததில் பின்னதும் இருந்தால், மதிப்பு மாற்றத்தில் எவ்வளவு ஈரம், எவ்வளவு இனப்பண்பு என்று பிரிக்க முடியாது. முழுத் தூணும் ஒரே இனமாக அமைவது அபூர்வம். ஒவ்வொரு துண்டிலும் இன விகிதத்தை எழுதிவைத்து, இனம் மாறும் ஆழங்களை வரைபடத்தில் கோடிட்டுக் காட்டுங்கள். பெயர்களும் மாறிக்கொண்டிருக்கின்றன. பழைய கட்டுரைகளில் ஸ்பேக்னம் மெஜெல்லானிகம் என்றிருப்பது 2018இல் மூன்று இனங்களாகப் பிரிக்கப்பட்டது. வட அரைக்கோளத்துப் பழைய தரவுகளை எடுத்தாளும்போது இதை நினைவில் வையுங்கள்.

ஆறாம் படி: காலம் கணிப்பது

கழுவிப் பொறுக்கிய ஸ்பேக்னத் தண்டும் இலையுமே கரிமக் காலக்கணிப்புக்கு மிகச் சிறந்த பொருள்; மொத்தப் பீட்டை அனுப்பாதீர்கள். கார்பன்-14இன் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள். கடந்த 150 ஆண்டுகளுக்கு அது மட்டும் போதாது; அரை ஆயுள் சுமார் 22 ஆண்டுகள் கொண்ட காரீயம்-210ஐயும், அணுகுண்டுச் சோதனைகளால் 1960களின் நடுவில் உச்சம் தொட்ட கார்பன்-14ஐயும் சேருங்கள். சீசியம்-137 அமிலப் பீட்டில் இடம்பெயரக்கூடியது, தனியாக நம்பத் தக்கதல்ல. எரிமலைச் சாம்பல் அடுக்கு கிடைத்தால் அதிர்ஷ்டம். வந்த காலங்களை அளவுதிருத்த வட அரைக்கோளத்துக்கு இன்ட்கால்20, தென் அரைக்கோளத்துக்கு எஸ்எச்கால்20 என்ற வளைவுகள். ஆழத்தையும் காலத்தையும் இணைக்க பேக்கன் போன்ற, நிகழ்தகவு வழியில் கணக்கிடும் பேஸியன் நிரல் போதும். ஆனால் அது தரும் பிழை எல்லையை வரைபடத்தில் காட்டாமல் விடாதீர்கள்.

ஏழாம் படி: செல்லுலோஸைப் பிரிப்பது

மட்கும்போது சர்க்கரைப் பொருள்கள் ஒரு வேகத்திலும் மெழுகுகள், பீனால்கள் வேறு வேகத்திலும் குறைகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஐசோடோப்பு மதிப்பு. அதனால் மொத்தப் பாசியை அளந்தால் மட்குதலையும் சேர்த்தே அளப்பீர்கள். ஆக்சிஜனுக்கு ஆல்ஃபா செல்லுலோஸ், அதாவது காரத்தில் கரையாமல் மிஞ்சும் தூய செல்லுலோஸ், கட்டாயம். கார்பனுக்கும் அதுவே பாதுகாப்பு.

வழக்கமான முறை இது. பாசித் துணுக்குகளைச் சோதனைக் குழாயில் இட்டு, அசிட்டிக் அமிலம் சேர்த்த சோடியம் குளோரைட் கரைசலில் 70 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். கரைசலைப் புதுப்பித்து, துணுக்கு வெண்மையாகும்வரை திரும்பச் செய்ய வேண்டும். ஸ்பேக்னத்தில் மரத்தில் உள்ளது போன்ற உண்மையான லிக்னின் இல்லாததால் மரத்தைவிடக் குறைந்த சுற்றுகளே போதும். பிறகு 10 சதவீதச் சோடியம் ஹைட்ராக்சைடில் 75 முதல் 80 டிகிரியில் முக்கால் மணி நேரம். அதன்பின் 17 சதவீதக் கரைசலில் அறை வெப்பத்தில் முக்கால் மணி நேரம். நீரால் பலமுறை கழுவி, நீர்த்த அமிலத்தால் நடுநிலையாக்கி, மீண்டும் கழுவி, மீயொலிக் கருவியால் நார்களை ஒருசீராக்கி, உறையவைத்து உலர்த்த வேண்டும். பாசி இலை மெல்லியது. காரத்தில் கணிசமான பங்கு கரைந்துபோகும். ஆகவே தேவையைப் போலப் பல மடங்கு பொறுக்கிவைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. சோடியம் குளோரைட் வேறு, சோடியம் குளோரைடு வேறு. தமிழில் கடைசி எழுத்து மட்டுமே மாறும் இந்த இரண்டில் பின்னது சமையல் உப்பு. முன்னது வலிமையான ஆக்சிஜனேற்றி, உலர்ந்து தாளிலோ துணியிலோ பட்டால் தீப்பற்றும். அமிலத்தோடு சேரும்போது குளோரின் டை ஆக்சைடு வாயு வரும். நஞ்சு, செறிந்தால் வெடிக்கும். நச்சுக்காற்றை உறிஞ்சும் கண்ணாடி அலமாரிக்குள், குழாய்களை இறுக மூடாமல், கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பயிற்சி பெற்ற ஒருவர் உடனிருக்கச் செய்யுங்கள்.

ஹைட்ரஜனை அளக்க நினைத்தால் இன்னொரு தடை. செல்லுலோஸின் ஒவ்வொரு அலகிலும் உள்ள 10 ஹைட்ரஜனில் 3 ஹைட்ராக்சில் குழுக்களில் இருப்பவை. சுற்றியுள்ள ஈரத்தோடு இடம் மாற்றிக்கொண்டே இருப்பவை. நைட்ரேற்றம் செய்து அவற்றை நீக்க வேண்டும், அல்லது தெரிந்த நீராவியோடு சமப்படுத்திக் கணக்கிட வேண்டும்.

எட்டாம் படி: அளப்பது

கார்பனுக்கு மாதிரியை வெள்ளீயக் கிண்ணத்தில் பொதிந்து சுமார் 1000 டிகிரியில் எரித்துக் கார்பன் டை ஆக்சைடாக்குவார்கள். ஆக்சிஜனுக்கு வெள்ளிக் கிண்ணம். ஆக்சிஜன் இன்றி, 1400 டிகிரியை ஒட்டிய சூட்டில் கார்பன் மேல் சிதைத்துக் கார்பன் மோனாக்சைடாக்குவார்கள். இரண்டும் பின்னர், எடைவாரியாகப் பிரித்தளக்கும் நிறை நிறமாலைமானிக்குப் போகும். ஒரு அளவீட்டுக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான செல்லுலோஸ் போதும். செல்லுலோஸ் ஈரத்தை உறிஞ்சும் பொருள். எடைபோட்ட கிண்ணங்களை வெற்றிடத்தில் உலர்த்தி, கருவியின் தட்டிலும் உலர்ந்த வாயு ஓட வைக்காவிட்டால் அன்றைய அறையின் ஈரத்தையே அளந்ததாகும்.

மதிப்புகள் தெரிந்த இரண்டு தரப்பொருள்களாவது, உங்கள் மாதிரிகளின் மதிப்பு அவற்றுக்கு இடையில் விழும்படி, ஒவ்வொரு தொகுதியிலும் இருக்க வேண்டும். சர்வதேச அணுசக்தி முகமையின் ஐஏஇஏ-சிஎச்-3 ஒரு செல்லுலோஸ் என்பதால் கார்பனுக்குப் பொருத்தமானது, அதன் மதிப்பு மைனஸ் 24.7. நல்ல ஆய்வகத்தில் கார்பனின் துல்லியம் 0.1 பெர்மில், ஆக்சிஜனுடையது 0.3 பெர்மில் அளவில் இருக்கும். ஒரே துண்டிலிருந்து தனித்தனியாகப் பொறுக்கிய மூன்று மாதிரிகளையும் சில ஆழங்களில் அளந்து பாருங்கள். அவற்றின் சிதறல் கருவியின் பிழையைவிடப் பெரிதாக இருக்கும். நம்ப வேண்டியது அந்தப் பெரிய எண்ணை.

ஒன்பதாம் படி: திருத்துவது

தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் டெல்டா கார்பன்-13 சுமார் மைனஸ் 6.4. புதைபடிவ எரிபொருள்களின் இலேசான கார்பன் கலந்து, இன்று அது மைனஸ் 8.5ஐ ஒட்டி இறங்கியிருக்கிறது. இதைத் திருத்தாமல் மேல் அடுக்குகளைப் படித்தால் எல்லாச் சதுப்புகளும் 19ஆம் நூற்றாண்டிலிருந்து காய்ந்துகொண்டே வருவது போலத் தோன்றும்.

எளிய வழி, செடி எவ்வளவு ஒதுக்கியது என்று கணக்கிடுவது: காற்றின் மதிப்பிலிருந்து செடியின் மதிப்பைக் கழித்து, 1 கூட்டல் செடியின் மதிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கால் வகுக்க வேண்டும். 1750இல் வளர்ந்த பாசி மைனஸ் 26 என்றால் 19.6 வகுத்தல் 0.974, விடை 20.1. இன்று வளர்ந்த பாசி மைனஸ் 28 என்றால் 19.5 வகுத்தல் 0.972, அதுவும் 20.1. பார்வைக்கு 2 பெர்மில் வீழ்ச்சி. உண்மையில் பாசியின் நிலையில் மாற்றமே இல்லை. காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 280 பங்கிலிருந்து 420ஐத் தாண்டிவிட்டதும் ஒதுக்கலைச் சற்று மாற்றும். அண்மைக் காலத்தைப் படிக்கும்போது அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பத்தாம் படி: படிப்பது

இரண்டு வரிசைகளையும் அருகருகே வையுங்கள். கார்பன் உயர்ந்து ஆக்சிஜன் இறங்கினால், ஆவியாதல் குறைந்து சதுப்பு ஈரமானது என்ற விளக்கம் பொருந்தும். ஆக்சிஜன் மட்டும் இறங்கி, கார்பன் அசையாமல் இருந்தால் மழையே மாறியிருக்கலாம்: குளிர்ந்திருக்கலாம், ஈரக்காற்றின் பாதை மாறியிருக்கலாம், குளிர்காலப் பங்கு கூடியிருக்கலாம். கார்பன் மட்டும் சடாரென்று சரிந்தால் முதலில் இன அட்டவணையைப் பாருங்கள், பிறகு மீத்தேனைச் சந்தேகியுங்கள். ஐசோடோப்பு அறியாத ஒரு சாட்சியும் தேவை. ஓடு கட்டும் அமீபாக்களின் இனக்கலவை நீர்மட்டத்தைத் தனியாகவே சொல்லும், அவை அதே பீட்டில் இருக்கின்றன. இரண்டும் ஒத்துப்போனால் தைரியமாக எழுதலாம்.

பாசி எல்லா நாட்களிலும் எழுதுவதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். உலர்ந்து வெளுத்துவிட்டால் ஒளிச்சேர்க்கை நிற்கும். கடுமையான வறட்சி செல்லுலோஸில் பதிவாவதில்லை, அதற்கு முன்னும் பின்னும் இருந்த ஈரமான வாரங்களே பதிவாகின்றன. உறைந்த குளிர்காலமும் அப்படியே. உங்கள் பதிவு வளர்பருவத்தின் பதிவு.

சதுப்பு தானாகவும் மாறும். பாசி வளர்ந்து தன்னைத்தானே நீர்மட்டத்துக்கு மேலே தூக்கிக்கொள்ளும். அந்த உலர்தலுக்குக் காலநிலை காரணமல்ல. ஒரே சதுப்பில் இரண்டாவது தூண், முடிந்தால் பக்கத்துச் சதுப்பில் ஒன்று. இரண்டிலும் ஒரே காலத்தில் தெரியும் மாற்றத்தையே காலநிலை என்று சொல்லுங்கள்.

இந்த முறையால் எது முடியும் என்பதற்குக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துச் சதுப்பு ஒரு எடுத்துக்காட்டு. சுமார் 8,200 ஆண்டுகளுக்கு முன் வட அட்லாண்டிக் பகுதி திடீரெனக் குளிர்ந்த நிகழ்வு, அங்கே ஸ்பேக்னம் செல்லுலோஸின் ஆக்சிஜன் மதிப்பில் வீழ்ச்சியாகக் கிடைத்தது. பனிப்பாறையோ கடலடிப் படிவோ இல்லாத நிலப்பரப்பிலிருந்து வந்த சாட்சி அது. எது கடினம் என்பதற்கு எடுத்துக்காட்டு தென் அமெரிக்காவின் தென்முனையில், டியர்ரா டெல் ஃபியூகோவில் இருக்கிறது. இலைத்துளை உள்ள கோரையையும் இலைத்துளை இல்லாத பாசியையும் ஒரே பீட்டில் ஒப்பிட்டு, பழங்காலக் காற்றின் கார்பன் டை ஆக்சைடு அளவையே கணிக்க 1994இல் ஒரு முயற்சி நடந்தது. யோசனை அபாரமானது. ஆனால் அந்தக் கணக்குக்குப் பாசியின் ஈரம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். காற்றின் வரலாற்றுக்கு இன்றும், பழங்காலக் காற்றைக் குமிழ்களில் அடைத்துவைத்திருக்கும் பனிக்கட்டித் தூண்களிடம்தான் போகிறோம்.

வேலை முடிந்ததும் எஞ்சிய செல்லுலோஸை மூடி இறுகிய கண்ணாடிக் குப்பிகளில், ஆழமும் இனமும் பாகமும் எழுதி, உலர்கலத்தில் வையுங்கள். ஒதுக்கிவைத்த பாதித் தூண் இன்னும் குளிரறையில் இருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை பாருங்கள். மேலே சுற்றிய படலம் கிழிந்திருந்தால் மாற்றுங்கள், காய்ந்த பீட்டை மறுபடி நறுக்க முடியாது.